ஆவாரையா, பேயாவாரையா? பூவை விட்டுவிட்டுப் பாருங்கள்

ஏரிக்கரை, வேலியோரம் என்று நாட்டுச் செடி வைக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆவாரையைத்தான். கல்லாங்காட்டிலும் வளரும், வேர் பிடித்தபின் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் ஆகும். கூடவே, ஆவாரை என்று நினைத்து, அதே மாதிரி மஞ்சளாகப் பூக்கிற பேயாவாரை என்ற நச்சுச் செடியைக் கொண்டுவந்துவிடுகிற அதே பழைய தவறுகளும் வரிசை கட்டி வரும். நானும் அந்த வழியாக வந்தவன்தான். மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை இல்லை என்கிற பாலபாடத்தை விட்டுவிடுகிறேன். அது தெரிந்தவர்களே சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பூவை வைத்து முடிவு கட்டுவது

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூவிலும் வேறுபாடு உண்டு. ஆவாரம்பூ பெரியது, கிளை நுனியில் கொத்தாக, பொன் மஞ்சளில், இதழோரம் சுருங்கிச் சுருங்கி இருக்கும். பேயாவாரைப் பூ சிறியது, வெளிறியது, இலைக்கக்கத்தில் இரண்டு மூன்றாக நிற்கும். ஆனால் காட்டில் யார் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தருகிறார்கள்? ஒன்றை மட்டும் பார்க்கிறபோது இரண்டும் மஞ்சள், இரண்டுக்கும் ஐந்து இதழ், அவ்வளவுதான்.

இலை அடிக்குப் போங்கள். ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இருபுறமும் காதுமடல் மாதிரி வட்டமான இலையடிச் செதில் ஒட்டியிருக்கும். செடி பூக்காத காலத்திலும் அது இருக்கும். பேயாவாரையில் அது கண்ணில் படாத அளவுக்குச் சிறியது, சீக்கிரம் உதிர்ந்தும் விடும். அப்புறம் சிற்றிலைகளை எண்ணுங்கள். ஆவாரையில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி, நுனி மழுங்கியவை. ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே குச்சி போல ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். பேயாவாரையில் நாலு முதல் ஆறு ஜோடிதான், நுனி கூர்மை, கடைசி ஜோடிதான் பெரியது. சுரப்பி ஒன்றே ஒன்று, காம்பின் அடியில் உருண்டையாக.

ஞாபகத்தை நம்பி விதை பொறுக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

பூ இருக்கும்போது ஒருநாள் வந்து, "அட, ஆவாரை" என்று மனதில் குறித்துக்கொண்டு போவார்கள். காய் முற்றியதும் வந்து, அந்தப் பக்கம் காய்ந்து தொங்குவதையெல்லாம் உருவி ஒரே சாக்கில் போடுவார்கள். பூத்தது எந்தச் செடி, காய்த்தது எந்தச் செடி என்று பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே சாலையோரத்தில் தோளோடு தோள் உரசி நிற்கும் என்பதும் நினைவுக்கு வராது.

எங்கள் பக்கத்து ஏரிக்கரைக்கு விதை கொண்டுவந்த தம்பி ஒருவர், காயைச் சாக்கிலேயே அடித்து, புடைத்து, பளிச்சென்று கொண்டுவந்தார். "இலையைப் பார்த்தீங்களா?" என்றேன். "பூவே பார்த்தேன் சார், போட்டோகூட இருக்கு" என்றார். போன் முழுக்கப் பூ. ஓர் இலைக்காம்புகூட இல்லை. நான் சந்தேகப்பட்டதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமையில்லை, மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. தூவினார்கள்.

மழை நின்றதும் கரையில் முழங்கால் உயரத்துக்குப் பேயாவாரை. நடுநடுவே நாலு ஆவாரை, அதுவும் நோஞ்சான். கரையில் ஆடு ஓட்டுகிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள், நியாயம்தான். ஆடுமாடு இதன் விதையை அதிகம் தின்றால் தசை செத்து, எழ முடியாமல் படுத்துவிடும். பிடுங்கினோம். விதைத்தோல் கெட்டி என்பதால் எல்லாம் ஒரே மழைக்கு முளைக்கவில்லை, அடுத்த மழைக்கும் வந்தது, மறுபடி பிடுங்கினோம். விதை உரிக்கும் முன் ஒரு நிமிடம் காயைப் பார்த்திருந்தால் இவ்வளவும் இல்லை.

ஆவாரைக் காய் தட்டை, காகிதம் போல மெல்லியது; விதைக்கு விதை இடையில் அழுந்தியிருக்கும், காற்றடித்தால் சலசலக்கும். பேயாவாரைக் காய் ஒடுக்கம், லேசாக வளைந்து மேல்நோக்கி நிற்கும், பழுப்புக் காயின் இரு ஓரமும் வெளிறிக் கோடு போட்டிருக்கும். காயைச் செடியில் இருக்கும்போதே, இலையோடு ஒரு கொத்தாக ஒடித்து வாருங்கள். வந்த இடத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு உரிக்கலாம். கழன்ற காய், உரித்த விதை யார் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

மோந்து பார்க்காமல் விடுவது

இலையைக் கசக்குங்கள். குமட்டினால் பேயாவாரை.

பெயரை நம்புவது

பொன்னாவிரை என்று கேட்டு விதை வாங்காதீர்கள். மூலிகைப் புத்தகங்கள் பலவற்றில் அது பேயாவாரையின் பெயர்.

மஞ்சள் கொன்றையோடு குழப்புவது

அது மரம். நிமிர்ந்து பாருங்கள்.

பட்டையை மறப்பது

இலை உதிர்ந்த கோடையில் இதுதான் கைகொடுக்கும். ஆவாரை பல வருஷம் நிற்கும் கட்டைச் செடி, செம்பழுப்புப் பட்டை. தென்னிந்தியாவில் தோல் பதனிட ஒரு காலத்தில் இந்தப் பட்டையைத்தான் வண்டி வண்டியாக உரித்தார்கள். பேயாவாரையில் உரிப்பதற்குப் பட்டை என்று ஒன்றும் தேறாது. பெரும்பாலும் மழைக்கு முளைத்து, காய்த்து, காய்ந்துபோகிற செடி அது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து குப்பைமேடு, வாய்க்கால் ஓரம் என்று பரவியிருக்கிறது.

"அதுவும் மூலிகைதானே" என்பது

பேயாவாரை விதையை வறுத்துக் காப்பிக்குப் பதிலாகக் குடிக்கிற வழக்கம் சில நாடுகளில் உண்டு. அதைக் காட்டி வாதாடுகிறவர்கள் இதையும் படிக்கட்டும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் குளிர்காலந்தோறும் குழந்தைகளைக் கொன்ற மர்ம நோய்க்கு, அவர்கள் விளையாட்டாகத் தின்ற இந்தச் செடியின் விதைதான் காரணம் என்று 2007-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஒடிசாவின் மல்கான்கிரியில் 2016-இல் குழந்தைகள் கொத்தாக இறந்தபோது, மூளைக்காய்ச்சலோடு இந்தச் செடியின் பெயரும் அடிபட்டது. ஆவாரம்பூ டீ போடுவதற்குப் பறிக்கிறவர்கள் காதுமடலைப் பார்க்காமல் ஒரு பூவையும் கூடையில் போடக்கூடாது.

பிடுங்கத் தாமதிப்பது

தவறி முளைத்துவிட்டால், காய் பச்சையாக இருக்கும்போதே, மண் ஈரமாக உள்ள நாளில் வேரோடு பிடுங்குங்கள். காய் பழுத்த பிறகு பிடுங்கி உதறினால், நீங்களே இன்னொரு தரம் விதைத்த கணக்கு.