ஆங்கிலப் புகாரில் ‘பெய்ட் அண்ட் ஸ்விட்ச்’ (bait and switch) எழுதும்போது

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடை 9,000 ரூபாய் ஃப்ரிட்ஜ் என விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனால், “அது தீர்ந்துடுச்சு சார்” என்று 14,000 ரூபாய் மாடலைத் தள்ளுகிறார்கள். தொடக்கத்திலிருந்தே அந்த மலிவு மாடலை விற்கும் எண்ணம் இல்லையென்றால்தான் இது பெய்ட் அண்ட் ஸ்விட்ச். பழுதான பொருளுக்கும் தாமதமான டெலிவரிக்கும் இந்தத் தொடரைப் போடாதீர்கள், புகாரின் வலுவே குறைந்துவிடும்.

‘டாக்டிக்’ (tactic, உத்தி) போன்ற பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இந்தத் தொடர் வந்தால் மூன்று சொற்களையும் ஹைஃபனால் இணையுங்கள். தனியே வந்தால் வேண்டாம். பெய்ட்டின் ஸ்பெல்லிங் பி, ஏ, ஐ, டி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

ஆன்லைனில் நடந்ததா? டார்க் பேட்டர்ன் (இணையதளம், ஆப்களில் வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்தி) பற்றிய மத்திய அரசின் 2023 வழிகாட்டுதலில் உள்ள 13 வகைகளில் இதே பெயர் இருக்கிறது. அப்படியே எழுதி, விளம்பர ஸ்க்ரீன்ஷாட்டையும் இணையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.