ஆம்புலன்ஸ் வரும்வரை உடல் சூட்டைக் காப்பாற்றுங்கள்

விபத்தில் அடிபட்டவரின் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தியதும், அடுத்து நாம் கவனிக்க வேண்டியது அவருடைய உடல் சூடு. உடல் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இரத்தம் உறையும் திறன் குறைந்து, அடங்கிய கசிவு மீண்டும் தொடங்கக்கூடும் என்பதால், வெயில் காலத்திலும் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

பலரும் மேலே போர்த்துவதோடு நின்றுவிடுகிறார்கள். தரையோ அடியிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே, முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இல்லாதபோது, மடித்த கம்பளியையோ பாயையோ உடலுக்கு அடியில் செருகுங்கள். ஈரத் துணியை இழுத்துக் கழற்றாமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, தோலை மெல்ல ஒற்றி உலர்த்தி, முகம் மட்டும் தெரியும்படி தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள். காயத்துக்குக் கட்டுப்போட்ட இடத்தில் போர்வையின் ஓரத்தை அவ்வப்போது விலக்கி, இரத்தம் ஊறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் வெப்பக்காப்புத் தாள் இருக்கும் சூட்டைத் தக்கவைக்குமே தவிர, புதிதாகச் சூடு தராது. அதனுடன் ஒரு கம்பளியும் வேண்டும்.

கை கால்களைத் தேய்ப்பதும் மது கொடுப்பதும் கூடாது. நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் அடங்கிப் பேச்சும் குழறினால், அது தேறுவதன் அடையாளமன்று, நிலைமை மோசமாவதன் அறிகுறி.

தீக்காயத்தில், வெந்த இடத்தை மட்டும் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டி, மற்ற பகுதிகளைப் போர்த்தி வையுங்கள்.