ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு தூந்திரா

நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள் ஒருநாள் கேட்டாள்: "அம்மா, தூந்திரால இருக்குற மானுக்கெல்லாம் குளிராதா?" தூந்திரா என்பது வடதுருவத்தை ஒட்டிய, ஓங்கிய மரம் வளராத குளிர்நிலம். நாங்கள் இருப்பது பினாங்கின் ஆயிர் ஈத்தாமில், அடுக்குமாடி வீட்டில். அவள் அறிந்த பெருங்குளிர் கொடிமலை உச்சிதான். 833 மீட்டர் உயரத்துக்கே சுவெட்டர் கேட்பவளிடம் படங்களைக் காட்டிப் பார்த்தேன், ஏறவில்லை. சமையலறையில் கிடந்ததை வைத்துச் செய்து காட்டிய பிறகுதான் புரிந்தது. உங்கள் வீட்டிலும் செய்யலாம், இரண்டு காலைப்பொழுது போதும்.

வேண்டியவை: காலி ஐஸ்கிரீம் டப்பா இரண்டு, பூந்தொட்டி மண், சாத்தே குச்சி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஆறு, மார்ஜரின், மருந்துக்கடைப் பஞ்சு, ஐஸ் கட்டி. பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் மிகவும் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மண்

இரண்டு டப்பாவின் அடியிலும் நாலைந்து ஓட்டை போட்டு, டேப் ஒட்டி அடையுங்கள். மண்ணை நிரப்பி, சொதசொதவென்று ஆகும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றை இரவு முழுக்க ஃபிரீசரில் வையுங்கள், மற்றது வெளியிலேயே இருக்கட்டும். காலையில் இரண்டிலும் டேப்பைப் பிரித்துவிட்டு, வெளியில் இருந்ததில் தண்ணீர் வடியும்வரை பொறுங்கள். பிறகு இரண்டின் மேலும் இரண்டு விரல் கனத்துக்கு உதிரி மண் தூவி, ஒவ்வொரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள்.

(முதல் தடவை நான் ஓட்டையே போடவில்லை. இரண்டிலும் தண்ணீர் தேங்கி நின்றது. மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!)

சாதாரண மண்ணில் தண்ணீர் இறங்கிவிடும். உறைந்த மண்ணில் மேலேயே நின்று சேறாகும். தூந்திராவில் நடப்பது இதுதான். அங்கே மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 150 முதல் 250 மில்லிமீட்டர் வரைதான் பெய்யும். பினாங்கில் 2,000-க்கு மேல். கணக்குப் பார்த்தால் அது பாலைவனம் மாதிரி. ஆனாலும் கோடையில் எங்கு பார்த்தாலும் குட்டையும் சதுப்பும், அதில் கொசுப் படையும். அடியில் ஆண்டுக்கணக்கில் உருகாத உறைமண் இருப்பதால் தண்ணீருக்கு இறங்க வழியில்லை.

இப்போது சாத்தே குச்சியை உறைந்த டப்பாவில் குத்தச் சொல்லுங்கள். இரண்டு விரல் ஆழத்தில் 'டொக்' என்று நிற்கும். செடியின் வேரும் அங்கேதான் நிற்கும், ஓங்கிய மரம் அங்கு இல்லாததற்கு அது ஒரு காரணம். ஆர்க்டிக் வில்லோ என்பது மர வகைதான், ஆனால் பெரும்பாலும் ஒரு சாண் உயரம்கூட வராது. தரையோடு படர்ந்து காற்றுக்குத் தப்பிக்கொள்கிறது. மெத்தை மாதிரி நெருக்கமாக வளரும் செடிகளின் உள்ளே, வெயில் நாளில், வெளிக்காற்றைவிடப் பல டிகிரி கூடுதல் சூடு இருக்கும். ஆர்க்டிக் பாப்பிப் பூ சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்பும். அந்தக் கிண்ணத்தில் குளிர்காயப் பூச்சிகள் வந்து உட்காரும்.

அடுத்து கை

ஒரு பையில் பாதி மார்ஜரினைப் போட்டு, இன்னொரு பையை அதற்குள் நுழைத்து, நடுவில் மார்ஜரின் பரவும்படி அழுத்துங்கள். உள் பைக்குள் கை. பாத்திரத்தில் தண்ணீரும் ஐஸும். முதலில் வெறுங்கை, பிறகு மார்ஜரின் கை. என் மகள் வெறுங்கையை இருபது விநாடியில் "ஐயோ" என்று எடுத்துவிட்டாள். மார்ஜரின் கையை அவளாகச் சலித்துப்போய்த்தான் எடுத்தாள். ஐஸில் உப்பு மட்டும் போடாதீர்கள், பூஜ்யத்துக்கும் கீழே போய்த் தோலைப் புண்ணாக்கிவிடும்.

இதோடு நிறுத்திவிட்டால் தப்பான பாடம். மார்ஜரின் காட்டுவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை; அது முக்கியமாகத் தண்ணீரில் கிடக்கும் விலங்குகளுக்கான ஏற்பாடு. நீந்தும் பனிக்கரடிக்கும் அது உதவும். நிலத்தில் நடமாடுபவற்றை முக்கியமாகக் காப்பது ரோமம், சரியாகச் சொன்னால் ரோமத்துக்குள் சிக்கிய காற்று. அதனால் இன்னும் இரண்டு கையுறை செய்யுங்கள். ஒன்றில் பைகளுக்கு நடுவே மருந்துக்கடைப் பஞ்சு, மற்றதில் இலவம்பஞ்சு. காய்ந்திருக்கும்போது இரண்டுமே நன்றாகத் தாங்கும். பிறகு இரண்டு பஞ்சையும் ஒரு நிமிடம் தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி வைத்துப் பாருங்கள். மருந்துக்கடைப் பஞ்சு தண்ணீரைக் குடித்து நசுங்கி, உள்ளே குளிர் ஏறும். இலவம்பஞ்சை முக்குவதே பெரும்பாடு, கையை எடுத்தால் மிதந்து மேலே வரும்!

மகள் தாத்தாவின் தலையணையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றாள். காற்றுதான். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெறும் குழல், மேலே மெழுகுப் பூச்சு. ஒரு காலத்தில் உயிர்காப்பு மேலாடைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். துருவமானின் ரோமமும் ஏறக்குறைய இப்படித்தான், உள்ளே காற்று அடைத்தது. குளிருக்கும் ஆகும், ஆறு கடக்கும்போது மிதக்கவும் உதவும். நம்மூர் இலவ மரமும் அந்த மானும் ஒரே யுக்தியைக் கண்டுபிடித்திருக்கின்றன என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. கஸ்தூரி எருது இரண்டு அடுக்கு வைத்திருக்கிறது: வெளியே ஏறக்குறைய தரையைத் தொடும் நீள முடி, உள்ளே மெல்லிய கம்பளி.

காலும் தூக்கமும்

இதற்குச் செய்முறை இல்லை, கதையாகச் சொல்லுங்கள். ஆர்க்டிக் நரியின் காலில் சூடான ரத்தம் கீழே இறங்கும் குழாயும், குளிர்ந்த ரத்தம் மேலே ஏறும் குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. இறங்குவது தன் சூட்டை ஏறுவதிடம் கொடுத்துவிடுவதால் உடம்பின் வெப்பம் பனியில் வீணாவதில்லை.

ஆர்க்டிக் தரை அணில் வேறு வழி. வளைக்குள் ஏழெட்டு மாதம் உறங்கும்போது அதன் உடல் வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கும், ஆனாலும் ரத்தம் உறையாது. இதை 1989-இல் கண்டறிந்தார்கள். சைபீரியாவில் இப்படிப்பட்ட அணில்கள் பழங்காலத்தில் சேர்த்துவைத்த காய்கள் உறைமண்ணில் கிடைத்தன. வயது ஏறக்குறைய 32,000 ஆண்டு. அவற்றின் திசுவிலிருந்து ரஷ்ய ஆய்வாளர்கள் செடி வளர்த்து, அது பூத்ததை 2012-இல் அறிவித்தார்கள். லெமிங் எலி குளிர்கால உறக்கம் போடுவதே இல்லை; பனிப் போர்வைக்கு அடியில் சுரங்கம் போட்டுக் குளிர்காலம் முழுக்க மேய்கிறது. பனி எப்படிப் போர்வையாகும் என்று காட்ட, துருவிய ஐஸில் செய்யும் ஐஸ் கச்சாங் வாங்கிவந்தேன். சின்னவன் தின்றுவிட்டான்.

உறைந்த டப்பா முழுதாக உருகிய பிறகே மண்ணைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டுங்கள், இல்லாவிட்டால் வேர் வாடும். மார்ஜரினில் கை படவில்லை, புதுப் பையாக இருந்தால் முறுக்கு மாவில் சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்த்தேன்.