"எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பின்னால்: பெரியவர்கள் பிரிவு நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சட்டப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன?" என்று ஒருவர் கேட்கிறார். "340-ஆம் எண் வரிசை, வலது பக்கம்" என்று கை காட்டுகிறோம். பதில் சரிதான். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது, வீட்டு உரிமையாளர் திடீரென்று காலி செய்யச் சொன்னால் என்ன செய்யலாம் என்பது. தடித்த புத்தகங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் வெளியே போய்விடுவார். திரும்பி வந்து கேட்க மாட்டார்.

பெரியவர்கள் பிரிவில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். மனத்தில் இருக்கும் தேவையும் மேசையில் கேள்வியாக வருவதும் ஒன்றல்ல என்று 1968-லேயே அமெரிக்க நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் விளக்கி எழுதினார். நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று வாசகர் தாமே ஊகித்து, அதற்குள் அடங்கும்படி கேள்வியைச் சுருக்கிக்கொண்டு வருகிறார். அதை விரித்துக் கேட்பது நம் வேலை. "எதைப் பற்றித் தேடுகிறீர்கள், கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்பது போதும். "எதற்காக?" என்று மட்டும் கேட்காதீர்கள், விசாரணை போல ஒலிக்கும். முடிந்தால் எழுந்து அலமாரி வரை கூடவே போங்கள். பிரியும்போது "நீங்கள் தேடியது இதுதானா?" என்று ஒரு முறை கேளுங்கள். பல நேரம் உண்மையான கேள்வி அப்போதுதான் வெளியே வரும்.

நோயைப் பற்றிக் கேட்பவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த நோயின் பெயர் தெரியக் கூடாது. "என் அத்தைக்கும் இதுதான், பயப்படாதீர்கள்" என்பது அன்பில் வரும் சொல்தான், ஆனாலும் வேண்டாம். தகவலைக் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். அது அவருக்குப் பொருந்துமா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். பழைய மருத்துவப் பதிப்புகளையும் வரி, சட்டப் பதிப்புகளையும் அலமாரியில் விட்டுவைப்பதும் தவறு. புத்தகத்தைக் கழிக்க எனக்கும் மனம் வராது. ஆனால் காலாவதியான மருந்தளவை நம்பி ஒருவர் வீட்டுக்குப் போவதைவிட அந்த இடம் காலியாக இருப்பது மேல்.

"நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள்" என்றதும் நமக்குப் பிடித்ததை எடுத்து நீட்டிவிடுகிறோம். கடைசியாக ரசித்துப் படித்தது எது, அதில் பிடித்தது கதையின் வேகமா, மனிதர்களா, சொல்லும் விதமா என்று முதலில் கேளுங்கள். பதிலைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று இந்திய நூலகவியல் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த விதியில், ரசனைக்கு மதிப்பெண் போடும் பொறுப்பு நூலகருக்குத் தரப்படவில்லை.

கணினியில் தடுமாறுபவரின் கையிலிருந்து மவுஸை வாங்கிவிடாதீர்கள். வேலை சீக்கிரம் முடியும், அவர் எதையும் கற்றிருக்க மாட்டார். அவருடைய பாஸ்வேர்டை அவரே தட்டட்டும்.

இன்னொன்று, எளிதில் கண்ணில் படாதது. படிவத்தை நீட்டினால் "கண்ணாடி கொண்டு வரவில்லை" என்று சிலர் சொல்வார்கள். உண்மையாகவே மறந்திருக்கலாம். எழுத்து தெரியாததை மறைக்கும் வழியாகவும் இருக்கலாம். எதுவென்று ஆராய வேண்டாம். "நான் வாசிக்கிறேன், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். முதியோர் கல்வி வகுப்பு பற்றிய பேச்சை அன்றே எடுக்காதீர்கள். அவர் மூன்றாவது, நான்காவது முறை வரும்போது, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லலாம்.