ஒயில் சீலை மாற்றுவதற்கு முன் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள்

என் பழைய ஜப்பான் காருக்கு ஒரே வருடத்தில் எஞ்சினின் முன்பக்க ஒயில் சீலை, அதாவது ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, இரண்டு தடவை மாற்றினேன். இரண்டாவது தடவை மாற்றி மூன்று கிழமைதான் இருக்கும், தலவாக்கலையில் வீட்டு வாசலில் கார் நின்ற இடத்தில் மறுபடியும் உள்ளங்கை அகலத்துக்கு ஒயில். கராஜில் கேட்டால், "சீல் டூப்ளிகேட்டா இருக்கும், ஒரிஜினல் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். நானும் வாங்கப் புறப்பட்டேன். நல்லவேளை, பல வருடம் லொறி ஓட்டிய மாமா ஒருவர் வழியில் மறித்தார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பொனட்டைத் தூக்கிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக், அதன் குழாயை விட்டு அரை அங்குலம் எழும்பி நின்றது. விரலால் அமுக்கினால் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியது.

"சீலுல பிழை இல்ல தம்பி. உள்ளுக்குக் காத்து அடைபட்டுக் கெடக்கு. போக வழி இல்லாம கெடைச்ச எடத்துல ஒயிலத் தள்ளிக்கிட்டு வருது."

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வழியில் இருக்கும் பிசிவி வால்வைப் பிடுங்கிப் பார்த்தோம். தார் மாதிரி இறுகிக் கிடந்தது. அதில் மாட்டியிருந்த ஹோஸின் உள்ளே ஓர் ஈர்க்கு நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். இரண்டு சீலுக்கும் கூலிக்கும் கொடுத்த காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும்.

முதல் தவறு இதுதான்: லீக் தெரியும் இடத்தை வைத்தே நோயைத் தீர்மானிப்பது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே, ஒயில் இருக்கும் கிராங் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அதில் நீராவி, எரியாத பெற்றோல், அமிலம் எல்லாம் இருக்கும். அந்தக் காலத்து வாகனங்களில் அதை ஒரு குழாய் வழியாக ரோட்டிலேயே விட்டுவிட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் புகைப் பிரச்சினை பெரிதானபோதுதான், அந்த வாயுவை, காற்று உள்ளே போகும் இன்டேக் வழியாக எஞ்சினுக்கே திருப்பி எரிக்கும் முறை கார்களில் பரவியது. ஒரு ஹோஸில் எயார் ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான காற்று உள்ளே போகும். இன்னொன்றில், வால்வு வழியாக, அழுக்கு வாயுவை இன்டேக் மேனிஃபோல்ட் உறிஞ்சும். எக்ஸலேட்டரை மிதிக்காத ஐட்லிங்கில் உறிஞ்சல் கூடுதல் என்பதால் வால்வு வழியைச் சுருக்கும். ஓடும்போது திறந்துகொடுக்கும். இந்த வழி அடைத்தால் அழுத்தம் ஏறி, பலவீனமான சீலோ ஹெட் கவர் பேக்கிங்கோ முதலில் கசியும். அதை மட்டும் மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் கசியும்.

மலைநாட்டில் இது கொழும்பை விடச் சீக்கிரம் அடைக்கிறது என்பது என் அனுபவம். காரணமும் இருக்கிறது. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே. தை மாதத்தில் தேயிலைக் கொழுந்தே பனியில் கருகும். அந்தக் குளிரில் காரை எடுத்து, தோட்டத்திலிருந்து டவுனுக்கு நாலு கிலோமீற்றர் போய், மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். ரேடியேட்டர் தண்ணீர் சூடேறி மீட்டர் முள் நடுவுக்கு வந்துவிடும்; ஒயில் சூடேற அதைவிட நேரம் எடுக்கும். ஒயில் நன்றாகச் சூடாகாவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறாது. ஒயிலோடு கலந்து, ஹோஸிலும் வால்விலும் சேறாகப் படியும்.

இதனால்தான் ஒயில் மூடியைத் திறந்ததும் வெள்ளையாக, அடித்த பட்டர் மாதிரி ஒரு பசை தெரிகிறது. உடனே "ஹெட் கஸ்கட் போச்சு", ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று தலையில் கை வைப்பது அடுத்த தவறு. பதற வேண்டாம். டிப் ஸ்டிக்கில் ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருக்கிறதா, ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா? மூன்றும் இல்லையென்றால், மூடியைத் துடைத்துவிட்டு ஒரு நாள் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரைக்குமாவது நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். பசை போய்விட்டால் அது குளிரின் வேலை. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் சேர்ந்துகொண்டே இருந்தால் காற்றோட்டத்தைச் சந்தேகிக்கலாம். அந்த மூன்றில் ஏதாவது இருந்தால் மட்டும் கஸ்கட் பக்கம் போங்கள்.

இன்னொரு தவறு நம் ஊருக்கே உரியது. மட்டமான தரை எங்கே இருக்கிறது இங்கே? சரிவில் நிறுத்தி டிப் ஸ்டிக் பார்த்தால், கார் நிற்கும் பக்கத்தைப் பொறுத்து ஒயில் குறைவாகவோ கூடவோ காட்டும். குறைவு என்று நினைத்து அரை லீற்றர் ஊற்றிவிடுவோம். அளவுக்கு மேல் போன ஒயிலைக் கிராங் அடித்து நுரையாக்கி, பிரீதர் ஹோஸ் வழியாக எயார் ஃபில்டர் பெட்டிக்கே அனுப்பிவிடும். அப்புறம் வால்வைக் குற்றம் சொல்வோம். பெற்றோல் ஷெட், பள்ளிக்கூட மைதானம், எங்கேயாவது மட்டமான இடத்தில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

சோதிக்கும் முறையிலும் கோளாறு உண்டு. பலர் வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டி, "டிக் டிக்னு கேக்குது, நல்லா இருக்கு" என்று திருப்பி மாட்டுகிறார்கள். சத்தம் வராவிட்டால் வால்வு அநேகமாகப் போய்விட்டது, சரி. ஆனால் சத்தம் வந்தால் நல்லது என்று அர்த்தமில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஹோஸ் அடைத்திருக்கலாம். நான் செய்வது இது: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங்கில் விட்டு, வால்வை அதன் ரப்பரிலிருந்து இழுத்து, வால்வின் திறந்த முனையில் பெருவிரலை வைத்துப் பார்ப்பேன். விரலை நன்றாக உறிஞ்ச வேண்டும், உள்ளே 'டக்' என்று ஒரு தட்டல் தெரிய வேண்டும். உறிஞ்சல் இல்லையென்றால் வால்வை மாற்றிப் பயனில்லாமலும் போகலாம். ஹோஸையும் மேனிஃபோல்டில் அது சேரும் துவாரத்தையும் பார்க்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ஒயில் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின் மேல் மெல்லிய கடதாசி ஒன்றை வைத்தால், அது லேசாக உள்ளே இழுபட வேண்டும். கடதாசியைத் தூக்கி எறிந்தால் அழுத்தம். மூடியைக் கழற்றவே முடியாமல் விசிலடித்துக்கொண்டு இழுத்தால் அது நேர்மாறான வியாதி: வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது ரப்பர் சவ்வு உள்ள வகையில் அது கிழிந்திருக்கிறது. வால்வை ஊதிப் பார்ப்பதென்றால் ஒரு சுத்தமான ஹோஸ் துண்டை மாட்டி ஊதுங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து எளிதாகவும், மேனிஃபோல்ட் பக்கத்திலிருந்து சிரமப்பட்டும் காற்றுப் போக வேண்டும். வாயால் உறிஞ்சிப் பார்க்க வேண்டாம். உள்ளே இருப்பது விஷம்.

ரம்பொடை இறக்கத்தில் கியரில் இறங்கி, கீழே வந்து எக்ஸலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை வருகிறதா? "ரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். இறக்கத்தில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்ட் உறிஞ்சல் மிகப் பலமாக இருக்கும். வால்வு மூடாமல் சிக்கியிருந்தால் அந்த உறிஞ்சலில் ஒயிலும் சேர்ந்து போகும். எஞ்சின் வால்வுகளின் தண்டில் இருக்கும் வால்வ் சீல் தேய்ந்தாலும் இதே புகைதான். மலிவானதை முதலில் பாருங்கள். ஏற்றத்தில் கதை வேறு: மிதித்து ஏறும்போது வாயு கூடுதல், உறிஞ்சல் குறைவு, அதனால் வாயு பின்னோக்கி எயார் ஃபில்டர் பக்கம் வரும். பெட்டியில் லேசான ஒயில் ஈரம் பெரிய விஷயமில்லை. ஃபில்டரே நனைந்திருந்தால் விஷயம்.

சுத்தம் செய்கிறேன் என்று கம்பியால் குத்துவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். உள்ளே கீறல் விழுந்தால் வால்வு சரியாக நகராது. சாதாரண வால்வின் விலை பெரிதில்லை, ஆகவே ஒருமுறை கார்பரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பதை விடப் புதிது போடுவதே மேல். உங்கள் எஞ்சினுக்கு உரிய நம்பரைக் கேட்டு வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே காற்றுப் போகும் அளவு வேறுபடும். இறுகி வெடித்த ஹோஸையும், ஹெட் கவரில் உள்ள ரப்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். பிஎம்டபிள்யூ, அவுடி போன்ற ஐரோப்பிய கார்கள் பலவற்றில் தனி வால்வுக்குப் பதில் சவ்வு உள்ள பெட்டி இருக்கும். அதற்குள் கிளீனர் அடித்தால் சவ்வு கெட்டுவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது, "ஒயில் குடிக்குது" என்று அந்த ஹோஸில் ஒரு போல்டைச் செருகி அடைத்துவிடுவது. இந்த வேலையை நான் இரண்டு மூன்று கார்களில் பார்த்திருக்கிறேன். ஒயில் குடிப்பது நின்றுவிடும், சந்தோஷம். அப்புறம் பின்பக்க சீல் தள்ளும். அதை மாற்றக் கியர்பொக்ஸை இறக்க வேண்டும். ஹோஸைக் கழற்றித் தரைப்பக்கம் தொங்கவிடுவதும் சரியில்லை. மேனிஃபோல்ட் துவாரத்தைத் திறந்தே விட்டால் கணக்கில்லாத காற்றுப் போய் ஐட்லிங் ஆடும், செக் எஞ்சின் லைட் எரியும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது அதுவும் வம்பு.

டீசல் வேன் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன கடதாசிச் சோதனையைச் செய்து பயப்பட வேண்டாம். பழைய டீசல் எஞ்சினில் பெரும்பாலும் த்ரொட்டில் இல்லை, ஆகவே உறிஞ்சலும் அவ்வளவு இல்லை. பிரீதரில் லேசாக ஆவி வருவது வழக்கம்தான். ஹோஸ் அடைக்காமல் இருக்கிறதா, ஒயில் அளவு மீறவில்லையா என்று மட்டும் பாருங்கள். அளவு மீறிய ஒயில் இன்டேக்குக்குள் போனால், டீசல் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடக்கூடும்.

அடைப்பை எடுத்த கையோடு ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஒயிலில் அந்த ஈரமும் அமிலமும் அப்படியே இருக்கும். சேறு அதிகமாக இருந்தால் எஞ்சினை உள்ளே கழுவும் ஃபிளஷ் திரவம் ஊற்றாதீர்கள், கழன்று வரும் கட்டி ஒயில் பம்பின் வலையை அடைக்கும். அதற்குப் பதிலாக ஓரிரு தடவை சீக்கிரமாக ஒயில் மாற்றினால் போதும். எல்லாம் புதிதாகப் போட்ட பிறகும் டிப் ஸ்டிக் எழும்பினால், அப்போதுதான் சிலிண்டர் அழுத்தத்தை அளந்து கொம்ப்ரஷன் பார்க்க வேண்டும். ரிங் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம். என் காரில் அது எழும்பவில்லை. மூன்றாவதாக வாங்கப் போன சீலை வாங்கவே இல்லை, இரண்டாவதாகப் போட்ட அதே 'டூப்ளிகேட்' சீல்தான் இன்னும் ஓடுகிறது.