கூட்டம் வந்தும் விளம்பர வருமானம் ஏறவில்லையா? எந்த வழியாக வந்தார்கள் என்று பிரித்துப் பாருங்கள்

2024 டிசம்பர் 30 அன்று கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தைத் திறந்தார்கள். அன்று இரவே படங்களோடு ஒரு பதிவு போட்டேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று மாவட்டத்து வாட்ஸாப் குழுக்களிலெல்லாம் அது சுற்றியது. ஒரே நாளில் அத்தனை பேர் என் வலைப்பூவுக்கு அதுவரை வந்ததே இல்லை. மறுநாள் ஆவலோடு, வலைப்பூவில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸைத் திறந்தால், வருமானம் வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூடியிருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி எப்போதோ எழுதிய ஒரு பழைய பதிவு, சொற்ப ஆட்களை வைத்துக்கொண்டே அந்த வாரம் பாலத்தைவிட அதிகம் கொடுத்திருந்தது.

ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நீங்கள் ஒரு மாலையில் செய்துவிடலாம். ஆட்சென்ஸ் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, வருகிறவர்களை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸும், கூகுள் தேடலில் உங்கள் பதிவுகளின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலும் இணைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தமிழ்ப் பதிவுகளுக்கு 2018 பிப்ரவரியிலிருந்தே ஆட்சென்ஸ் உண்டு, மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

படி 1: மொத்தப் பார்வைகளை விடுங்கள், ஆர்.பி.எம் பாருங்கள்

ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் ஆர்.பி.எம். வருமானத்தைப் பார்வைகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வரும். கணக்குக்காக, 5,000 பார்வைக்கு 200 ரூபாய் என்றால் ஆர்.பி.எம் 40 ரூபாய். அதாவது ஒரு பார்வைக்கு 4 பைசா. இந்த 4 பைசாவை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2024 தொடக்கத்தில் ஆட்சென்ஸ் கிளிக் கணக்கை விட்டு, விளம்பரம் காட்டப்படுவதற்குப் பணம் தரும் முறைக்கு மாறியது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு 'கிளிக் வாங்குவது எப்படி' என்று தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

படி 2: ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு யு.ஆர்.எல் சேனல்

ஆட்சென்ஸில் யு.ஆர்.எல் சேனல் என்று ஒரு வசதி இருக்கிறது. முக்கியமான பத்துப் பதிவுகளின் முகவரியை அதில் சேர்த்தால், எந்தப் பதிவு எவ்வளவு சம்பாதித்தது என்று தனித்தனியாகக் காட்டும். சேர்த்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும், முந்தையது வராது. அதனால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

படி 3: ஆள் எந்த வழியாக வந்தார்? (நான் தடுக்கி விழுந்த இடம்)

அனலிட்டிக்ஸில் டிராஃபிக் அக்விசிஷன் பகுதிக்குப் போனால் தேடலில் வந்தவர்கள், சமூக ஊடகத்தில் வந்தவர்கள், 'டைரக்ட்' என்று வரிசை இருக்கும். என் பாலப் பதிவுக்கு வந்தவர்களில் பெரும்பகுதி டைரக்டில் கிடந்தது. டைரக்ட் என்றால் என் முகவரியை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்து வருகிறவர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நமக்கென்று வாசகர் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று பெருமைப்பட்டு, அவர்களுக்காக இன்னும் நாலு படப் பதிவு போட்டேன். ஒருவரும் வரவில்லை.

வாட்ஸாப்பில் இணைப்பைத் தொட்டு வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்பது அனலிட்டிக்ஸுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. தெரியாத எல்லாரையும் டைரக்டில்தான் போடும். என் 'நிரந்தர வாசகர்கள்' எல்லாம் குழுவில் படத்தைப் பார்த்து ஒரு தடவை வந்து போனவர்கள்.

சரி செய்யும் வழி இதுதான். எந்த வழியாக வந்தார் என்ற குறிப்பை முகவரியோடு ஒட்டித் தரும் கூகுளின் கேம்பெயின் யு.ஆர்.எல் பில்டர் பக்கத்தைத் திறங்கள். பதிவின் முகவரியைக் கொடுங்கள். சோர்ஸ் கட்டத்தில் வாட்ஸாப், மீடியம் கட்டத்தில் குழு, கேம்பெயின் கட்டத்தில் பதிவின் சிறு பெயர். கீழே வரும் நீண்ட முகவரியைத்தான் இனிமேல் குழுக்களில் பகிர வேண்டும். ஃபேஸ்புக்குக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலத்தில் நிரப்பினால் எப்போதும் சின்ன எழுத்தே போடுங்கள். ஒரு நாள் பெரிய எழுத்தில் தொடங்கி மறுநாள் சின்ன எழுத்தில் போட்டால் இரண்டையும் வேறு வேறு வழியாக எண்ணும். நான் மூன்று வாரக் கணக்கை அப்படித்தான் குழப்பிக்கொண்டேன்.

படி 4: இப்போது இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வையுங்கள்

பாலப் பதிவுக்கு வந்தவர்கள் மேலே இருந்த இரண்டு படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். என் விளம்பரங்கள் நாலாவது பத்திக்குக் கீழே இருந்தன. திரை அந்த இடத்துக்கு நகர்ந்தால்தான் விளம்பரமே ஏறும்படி வைத்திருந்தேன். பார்வை கூடியது, விளம்பரம் காட்டப்படவில்லை. இன்னொன்று, தீபாவளி தொடங்கி டிசம்பர் வரை விளம்பரதாரர்கள் நிறையச் செலவு செய்வார்கள், ஜனவரி பிறந்ததும் கை சுருங்கும். எனக்குக் கூட்டம் வந்ததே அப்படிக் கை சுருங்கும் சமயத்தில்தான்.

அரண்மனைப் பதிவின் கதை வேறு. அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். திங்கட்கிழமை விடுமுறை. அது தெரியாமல் வேன் பிடித்துக் குடும்பத்தோடு வந்தவர்கள், பூட்டிய வாசலில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அடுத்து எங்கே போவது என்று திகைத்து நின்றதைப் பார்த்த பிறகுதான் அதை எழுதினேன். எந்த நாள் போகலாம், எங்கே இறங்க வேண்டும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எல்லாம் அதில் உண்டு. கூகுளில் தேடி வருகிறவர் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர். கடைசி வரி வரை படிக்கிறார். அவர் கண்ணில் விடுதி, வாடகைக் கார் விளம்பரங்கள் படுகின்றன. அந்த விளம்பரதாரர்களுக்கு அவர்தான் வேண்டும், அதனால் விளம்பர இடத்துக்காக அவர்களுக்குள் நடக்கும் ஏலத்தில் விலையும் கூடுகிறது.

படி 5: ஆண்டுதோறும் தேடப்படுவதை எழுதுங்கள்

சர்ச் கன்சோலில் மக்கள் என்ன சொல்லைப் போட்டு உங்களிடம் வருகிறார்கள் என்று பாருங்கள். பணம் கட்டி வாங்கும் எந்தக் கருவியையும்விட இலவசமான இதுதான் எனக்குப் பிடித்தது.

நம் மாவட்டத்திலேயே எத்தனை விஷயம் இருக்கிறது! மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டத்துக்கு முதலாவது, குளச்சலுக்கு இரண்டாவது. வருடா வருடம் யாராவது குழம்பித் தேடுவார்கள். தெளிவாக ஒரு தடவை எழுதி, மார்ச் கடைசியில் தேதிகளைச் சரிபார்த்துவிட்டால் போதும்.

ஃபேஸ்புக்கில் காசு கொடுத்துப் பதிவைப் பரப்பலாமா? அந்த 4 பைசாவை இங்கே எடுங்கள். ஓர் ஆளை அழைத்துவர ஒரு ரூபாய் ஆகிறது என்றால், அவர் 25 பக்கம் படித்தால்தான் போட்ட காசு திரும்பும். 'ஆயிரம் விசிட்டர் தருகிறோம்' என்று வருகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். அப்படி வருவது பெரும்பாலும் இயந்திரம். உங்கள் கணக்கே முடங்கும்.

சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

ஒரு மாதம் மதிப்பிட்ட வருமானத்திலிருந்து 'இன்வேலிட் டிராஃபிக்', அதாவது செல்லாத வருகை என்று நல்ல தொகை கழிந்தது. காரணம் புரியாமல் இருந்தபோது துபாயிலிருந்து சித்தி பேசினார். "மக்களே, ஒனக்க பேஜுல வாற விளம்பரத்த எல்லாம் தெனமும் அமுக்குதேன், கேட்டியா? நாலு காசு வரட்டும்" என்றார். எவ்வளவு பாசம்! அவரைக் குறை சொல்ல மனமே வரவில்லை. பக்குவமாக எடுத்துச் சொன்னேன், குடும்பக் குழுவிலும் எழுதிப் போட்டேன். நீங்கள் இணைப்பைப் பகிரும்போதே 'படித்தால் போதும், விளம்பரத்தைத் தொட வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும் என்ற நிலையில், இப்படி ஒரு கழிவு வந்தால் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

பின்சேர்க்கை: ஒரே பதிவு அனலிட்டிக்ஸில் இரண்டு வரியாக வருகிறது என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். மூவருமே கூகுளின் பிளாக்கர் தளத்தில் வலைப்பூ வைத்திருப்பவர்கள். கைப்பேசியில் திறந்தால் பிளாக்கர் முகவரியின் கடைசியில் 'எம்=1' என்று ஒட்டிக்கொள்ளும், அதுதான் காரணம். அறிக்கையில் முகவரியின் கேள்விக்குறிக்குப் பிந்தைய பகுதியைச் சேர்க்காத 'பேஜ் பாத்' பட்டியலைத் தேர்ந்தெடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். வேறு வடிவத்தில் சிக்கல் வந்தால் ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.