ஸ்கோரைப் பார்க்காதீர்கள், முழங்கையைப் பாருங்கள்

ஐயா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறாவது வாரம் நான் பிசியோ செய்யப் போனபோது, தோளை ஓரளவு தூக்கினார், முழங்கை பாதி நீண்டது, விரல்கள் மடங்கியே கிடந்தன. பேரன் பரணிலிருந்து டிவியில் விளையாடும் பழைய எக்ஸ்பாக்ஸையும், ஆளின் அசைவைப் பார்க்கும் அதன் கேமராவான கினெக்ட்டையும் இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தான். "இதை வெச்சு தாத்தாவுக்குப் பயிற்சி கொடுக்கலாமா சார்?" என்றான். தாராளமாகக் கொடுக்கலாம். எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் பழம் வெட்டும் விளையாட்டு. ஐயா வெட்டித் தள்ளினார், வீடே கைதட்டியது. நான் டிவி பக்கம் திரும்பவில்லை, அவர் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தடவைகூட நீளவில்லை. இடுப்பிலிருந்து உடம்பையே வீசிக் கையைப் பழத்துக்குக் கொண்டுபோனார். கை எங்கே வந்தது என்பதுதான் கேமராவுக்குக் கணக்கு, எப்படி வந்தது என்று அது கேட்காது. இதே குறுக்கு வழியில் ஆயிரம் தடவை ஆடினால் மூளை அதையேதான் பழகிக்கொள்ளும்.

அதனால் முதல் வேலை நாற்காலி. சக்கரம் இல்லாதது, முதுகு சாயும்படியானது. இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். கேமராவிலிருந்து ஆறடி தள்ளிப் போடுங்கள். நான் ஐயாவின் துண்டையே மார்பைச் சுற்றி நாற்காலி முதுகோடு தளர்வாகக் கட்டினேன். இறுக்கிப் பிடிக்க இல்லை, முன்னால் சாயும்போது "சாயறோம்" என்று அவருக்கே தெரிவதற்கு. பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்தான் இதைச் செய்யலாம். கட்டியதும் ஸ்கோர் பாதாளத்துக்குப் போனது. "நேத்து நல்லா வந்துச்சே தம்பி" என்று முகம் வாடிவிட்டார். நேற்று வெட்டியது முதுகு, இன்று வெட்டுவதுதான் கை என்று தொட்டுக் காட்டிச் சொன்னேன். பேரனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். டிவி காட்டும் எண் வேண்டாம், முழங்கை நன்றாக நீண்டது எத்தனை தடவை என்று மட்டும் கோடு போடு. அன்றைக்குப் பதினொரு கோடு.

இந்தக் கோடுகள்தான் எனக்கு முக்கியம். பக்கவாதம் வந்தவர்களின் பிசியோ வகுப்புகளை நேரில் பார்த்து எண்ணிய ஓர் ஆய்வு 2009இல் வந்தது. கையை ஒரு வேலைக்காகப் பயன்படுத்தும் பயிற்சி, அது நடந்த வகுப்புகளில்கூட, ஒரு வகுப்புக்குச் சராசரியாக 32 தடவைதான். விலங்குகளிடம் செய்த ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டிருக்கிறது. வெறுமனே "கையை நீட்டுங்க" என்றால் இருபதாவது தடவையிலேயே யாருக்கும் அலுத்துவிடும். விளையாட்டு அந்த அலுப்பைத்தான் போக்குகிறது. அதற்கு மேல் அதில் மந்திரம் கிடையாது. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து நான்கு நாடுகளில் பக்கவாதம் வந்த 141 பேரிடம் நிண்டெண்டோ வீ என்ற டிவி விளையாட்டுக் கருவியைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழு வீ ஆடியது, இன்னொரு குழு சீட்டு, பிங்கோ, பந்து என்று ஆடியது. இரண்டு குழுவுக்கும் கை முன்னேறியது, வித்தியாசம் இல்லை. ஆகவே கருவி இல்லையே என்று கடன் வாங்கி வாங்காதீர்கள். வழக்கமான பயிற்சியை நிறுத்திவிட்டு விளையாட்டை வைக்கவும் கூடாது, அதற்கு மேல் கூடுதலாக வையுங்கள்.

வீயில் ரிமோட்டைப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டைச் சுண்டினாலே பந்து பறந்துவிடும். விரல் மடங்கியவருக்குக் கினெக்ட் தேவலை. இரண்டும் இல்லையா, தொடுதிரை டேப்லெட் ஒன்றை மேசையில் படுக்க வைத்து, கைக்குக் கீழே மடித்த துணியை வைத்துத் தள்ளித் தள்ளிப் பலூன் உடைக்கச் சொல்லுங்கள். விரல் நீளாவிட்டால் மடங்கிய விரல் மொளியால் தொட்டாலும் போதும். கை கொஞ்சம்கூட அசையாதவருக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம், வெறுத்துப்போவார்.

பத்து நிமிஷம் ஆடினால் ஐந்து நிமிஷம் ஓய்வு. தோள் விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை. பாதித்த தோள் கிண்ணத்திலிருந்து சற்றே இறங்கியிருக்கலாம், அந்தக் கையைப் பிடித்து இழுத்து "இன்னும் மேலே" என்று உதவவே கூடாது. வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மின்னும் படங்களுக்கு முன்னால் உட்காரவைக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். நின்று ஆடும் விளையாட்டை வீட்டாரே தொடங்க வேண்டாம். முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிஷமே 108.

அப்புறம், டிவியை அணைத்ததும் எழுந்துபோக விடாதீர்கள். ஒரு காலி டம்ளரை மேசையின் அந்தக் கோடியில் வைத்து, அதே முழங்கையை நீட்டித் தொடச் சொல்லுங்கள். முதலில் தொடுவது, பிறகு நகர்த்துவது, விரல் திறக்க ஆரம்பித்தால் பிடிப்பது. ஐயாவுக்கு ஒன்பதாவது வாரம் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றினோம். தூக்கினார், கொஞ்சம் சிந்தியது. பேரன் துடைக்க ஓடினான். ஐயா அவனைத் தடுத்து, துணியை வலது கைக்குக் கீழே வைத்து, முழங்கையை நீட்டி அவரே துடைத்தார். அதையும் நோட்டில் கோடு போடச் சொன்னேன்.